பெரிய துணியின் வலது மூலை

உலகம் எப்படி முடியும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். லேத் பட்டறைக்காரர் வீட்டு முன்கூடத்தில், சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அது தொங்கிக்கொண்டிருந்தது. கெட்டியான கூடாரத் துணி. அதன்மேல் எண்ணெய் வண்ணம். இடது ஓரத்தில் நான்கு குதிரைகள், அடுத்து எக்காளம் ஊதும் ஏழு தூதர்கள், நடுவில் கடலிலிருந்து ஏறிவரும் ஏழு தலை மிருகம், வலது கோடியில் வானத்திலிருந்து இறங்கும் நகரம். குதிரைகளுக்குக் கால் சற்றுக் குட்டை. வரைந்தவர் குதிரையை அருகில் நின்று பார்த்தவரல்லர். ஆனால் மிருகத்தின் பற்கள் மட்டும் பல்சக்கரத்தின் பற்களைப்போல ஒன்றுக்கொன்று பிசகாத அளவில் இருந்தன. அவற்றைப் பார்த்தே வரைந்தவரின் தொழிலைச் சொல்லிவிடலாம்.

அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல் அவருடையது. ஞாயிறு காலையில் அந்தக் கூடத்தில் கூடும் சிறு சபைக்கு அவர் பிரசங்கிக்கத் தொடங்கினால், பின்தெருவில் துணி காயப்போடுகிறவர்களும் சேர்ந்து மனந்திரும்ப வேண்டியிருக்கும். எனவே அவர் ‘எக்காளம்’ ஆனார். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவர் காதுக்குப் போனபோது கோபப்படவில்லை. துணியில் இருந்த ஏழு தூதர்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “எட்டாவதா என்னையும் சேர்த்துக்கிட்டாங்கன்னா சந்தோஷம்தான்” என்றார்.

அவர் பெரிய துணியை வரைந்து முடித்த நாளில் ஒரு விஷயம் மட்டும் மீதமிருந்தது. மிருகத்தின் முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாது என்றும், அது வலது கையிலோ நெற்றியிலோ இருக்கும் என்றும் வேதத்தின் கடைசிப் புத்தகம் சொல்கிறது. அது பார்க்க எப்படியிருக்கும் என்று சொல்லவில்லை. அந்தக் குறையை எக்காளம் நிரப்பத் தொடங்கினார். சோப்புக் கட்டியின் உறையில், இயந்திரம் விலை படிக்கும் கறுப்புக் கோடுகள் வந்தபோது, இதுதான் என்று கண்டுகொண்டார். கோடுகளைத் தனித்துண்டில் வரைந்து, பெரிய துணியில் இடம் தேடினார். வலது மூலையில், நகரத்துக்கு அடியில், ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கொம்புமில்லை, பல்லுமில்லை. அதைக் காட்டி யாரையும் பயமுறுத்த முடியாது. அதன்மேல் துண்டை வைத்துத் தைக்கச் சொன்னார்.

பிறகு வங்கி அட்டை வந்தது. கோடுகளின் மேல் அட்டை ஏறியது. அட்டையின் மேல் கணினி. கணினியின் மேல் கைரேகை பார்க்கும் பெட்டி. ஒவ்வொரு முறையும் முந்தையதற்கு உலகம் பழகிவிட்டிருந்தது, எக்காளமும் பழகிவிட்டிருந்தார். பட்டறைக்குக் கணினி லேத் வந்த புதிதில் உபவாசம் இருந்தார். உபவாசம் முடித்துக் கஞ்சி குடித்த கையோடு போய், அதை இயக்கக் கற்றுக்கொண்ட முதல் ஆளும் அவர்தான். அவர் அதில் கடைந்த தண்டுகளை மற்றவர்கள் அளந்து பார்ப்பதில்லை. அவர் அளந்திருப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

துண்டுகளையெல்லாம் தைத்தவள் அவர் மனைவி. தெரு அவளைக் காஜா அக்கா என்றது. சட்டையில் பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி நூலால் கட்டுகிற வேலைக்குத் தையல்காரர்கள் காஜா என்பார்கள். இயந்திரத்தில் போட்டால் நொடியில் முடிகிற அந்த வேலையை அவள் கையால் செய்தாள். அவள் எடுத்த காஜாவுக்காகவே அதைச் சுற்றி ஒரு சட்டையைத் தைக்கலாம் என்று மற்ற தையல்காரர்களே சொன்னார்கள். கல்யாண அங்கிகளும் கோட்டுகளும் வண்டியேறி அவளிடம் வந்தன. பெரிய துணியில் அவள் வைத்த ஒட்டுகளைத் தடவிப் பார்த்தாலும் தையல் கைக்குத் தட்டுப்படாது. “உலகம் அழியிறப்பகூட என் தையல் பிரியாது” என்பாள். அவளுக்குக் கர்வம் உண்டு. அதை ஒளித்துவைக்கிற பழக்கம் இல்லை.

அந்தக் கை நடுங்கத் தொடங்கியது.

முதலில் டீ டம்ளரில் தெரிந்தது. பிறகு ஊசியில். துணியை நேராகத் தள்ளுகிற வேலையை மணிக்கட்டை இயந்திரத்தின் மேடையில் அழுத்திவைத்துச் சமாளித்தாள். பயறு நிரப்பிய சிறு பையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஓரம் மடித்தாள். நூல் கோக்கும்போது ஊசியை மெழுகுவத்தியில் குத்தி நிறுத்திவிட்டு, இரு கையாலும் நூலைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு அணுகுவாள். காஜாவுக்கு மட்டும் எந்த உபாயமும் இல்லை. அங்கிகள் வருவது நின்றது. யாரும் காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்தக் கோடையில், தோலுக்கடியில் வைக்கும் சிப்பைப் பற்றி எக்காளம் எங்கேயோ படித்தார். ஒரு தலையும் ஒரு கையும் வரைந்தார். நெற்றியிலும் உள்ளங்கையிலும் சிறு சதுரம். வழக்கம்போலத் துண்டை மனைவியிடம் கொடுத்தார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லோரும் பார்த்தார்கள். துண்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. தையல்கள் எறும்பு கலைந்ததுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன.

முன்வரிசையில் இருந்த செல்கடைத் தம்பிதான் வாயைத் திறந்தார். தெருமுக்கில் செல்பேசிக் கடை வைத்திருந்தவர். எக்காளத்துக்கு அடுத்தபடியாக ஜெபம் நடத்துகிறவர். “அக்கா, அந்த மூலை கொஞ்சம் கோணலா இருக்கோ?”

“மிருகத்தோட ஆளு தலைதானே தம்பி, நேரா இருந்தா என்ன, கோணலா இருந்தா என்ன?” என்றாள் காஜா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் காலை தனியாகப் பேருந்து ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஒரு மாதம் போய்வந்த பிறகு, சாப்பாட்டு வேளையில் விஷயத்தைச் சொன்னாள். தகரக் கூரை பகலில் குடித்த வெயிலை இன்னும் இறக்கிக்கொண்டிருந்தது. எக்காளத்தின் தங்கை ரொட்டித் தொழிற்சாலையில் வேலை முடிந்து, உடைந்த ரொட்டிகள் நிறைந்த பையோடு அப்போதுதான் வந்திருந்தாள். கல்யாணம் வேண்டாமென்று அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்ட அவளுக்கு எந்தப் பேச்சிலும் பங்கு உண்டு.

“நான் ஆபரேஷன் பண்ணிக்கப்போறேன்” என்றாள் காஜா அக்கா.

“எதுக்கு?” என்றார் எக்காளம்.

“கைக்கு. ஆனா கையில இல்ல. தலையில.”

“தலையில எங்க?”

அவள் வலது கையை உயர்த்திக் காட்டினாள். விரல் புருவத்தையும் வகிட்டையும் காதையும் மாறி மாறிக் காட்டியது.

“அண்ணி, ஒரு இடத்தைக் காட்டுங்க. பார்க்கிற எனக்குத் தலை சுத்துது” என்றாள் நாத்தனார்.

“அதுக்குத்தான் ஆபரேஷனே.” அவள் இடது கையால் வலது விரலைப் பிடித்து நெற்றியின் மேல் விளிம்பில் வைத்தாள். “இங்க ஓட்டை போட்டு, மூளைக்குள்ள மெல்லிசா ஒரு கம்பி விடுவாங்க. தோலுக்கடியிலயே கழுத்து வழியா வயர் வந்து, நெஞ்சுல ஒரு பேட்டரியில சேரும். அது லேசாத் தட்டிக்கிட்டே இருக்குமாம். கை அடங்கிடுமாம். பட்டறைக் காப்பீட்டுலயே ஆகும்னு சொல்லிட்டாங்க.”

எக்காளம் தட்டைத் தள்ளிவைத்தார். அவர் குரல் எழும்பவில்லை. அதுதான் நாத்தனாரைப் பயமுறுத்தியது என்று அவளே பின்னால் சொன்னாள்.

“நெத்தியில. வலது கைக்காக. நான் வரைஞ்ச படத்தைப் பார்த்துட்டு டாக்டர் மருந்து எழுதின மாதிரி இருக்கு.”

“படத்துல சிப்பு. இது கம்பி.”

“விளையாடாதம்மா. நீ என்கிட்ட கேக்கிறியா, சொல்றியா?”

“சொல்றேன். கேட்டா வேண்டாம்பீங்க. அப்புறம் செஞ்சா உங்க பேச்சை மீறினதா ஆகும். சொல்லிட்டா மீறல் இல்லையே.”

“முதல்ல எல்லாமே நல்லதுக்குன்னுதான் வரும். அதான் தந்திரம்.”

“உங்க கண்ணாடியும் நல்லதுக்குன்னுதான் வந்துச்சு.”

“கண்ணாடி தோலுக்கு வெளிய இருக்கு.”

“உங்க தங்கச்சி பல்லு? எலும்புல ஆணி அடிச்சுல்ல நிக்குது?”

“என் பல்லை ஏன் இழுக்கிறீங்க அண்ணி?” என்றாள் நாத்தனார். “அது ஸ்க்ரூ போட்டது. இழுத்தா வராது.”

யாரும் சிரிக்கவில்லை. காஜா அக்கா நடுங்கும் கையை மறு கையால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அந்த முத்திரையை வாங்குறவன் யாரு? மிருகத்தைக் கும்பிடுறவன். நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? நான் யாரைக் கும்பிடப்போறேன்? ஊசியில நூல் கோக்கப்போறேன். அதுகூட முடியாம நான் அந்தத் துணிக்குக் கீழ உக்காந்து பாட்டுப் பாடணுமா? என் தையலைப் பார்த்தீங்கல்ல அன்னைக்கு?”

“அதை யாரு பெரிசா எடுத்தா?”

“நான் எடுத்தேன்.”

வீட்டுக்குள் பேசிய பேச்சு ரொட்டித் தொழிற்சாலை வழியாகச் சபைக்குப் போய்ச்சேர்ந்தது. நாத்தனார் ஒரே ஒரு தோழியிடம்தான் சொன்னாளாம். அந்த வார இறுதியிலேயே செல்கடைத் தம்பி வந்து, பெரிய துணிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையில் இரண்டு செல்பேசிகள் இருந்தன. ஒன்று மாற்றி ஒன்று ஒலித்தது.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. சபையில வருத்தப்படுறாங்க.”

“சபைன்னா யாரு?”

“நான்... இன்னும் சில பேரு.” அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “இவ்வளவு காலம் நீங்க பேசினதை நம்பித்தான் எங்க அம்மா வேலை செஞ்ச இடத்துல கைரேகை வைக்க மாட்டேன்னு நின்னாங்க. வேலை போச்சு. நாங்க குறை சொல்லல. இன்னைக்கு உங்க வீட்டுலயே நெத்தியில வைக்கிறாங்கன்னா, அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

காஜா அக்கா டீயைக் கொண்டுவந்தாள். டம்ளரில் பாதிதான் ஊற்றியிருந்தாள். அதிலும் பாதி தட்டில் கிடந்தது. தம்பி எழுந்து வாங்கிக்கொண்டார்.

“அக்கா, ஜெபத்துல குணமாகாததா?”

“ஜெபிச்சேன் தம்பி. தினமும். பதிலும் வந்துச்சு. ஆஸ்பத்திரி அட்ரஸா வந்துச்சு.”

“அப்படி இல்லக்கா...”

“உங்க அம்மாகிட்ட நான் வந்து பேசுறேன். அது வேற. நீ சொல்ல வந்ததைச் சொல்லு.”

அவர் துணியைப் பார்த்தபடி சொன்னார். “நீங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டா, அண்ணன் சபையில எழுந்து அது தப்புன்னு சொல்லணும். இல்லன்னா கூட்டத்தை என் கடை மாடிக்கு மாத்திக்கிறோம். துணி சபைக்காக வரைஞ்சது. அதையும் கொண்டுபோயிடுவோம்.”

“தாராளமா” என்றாள் காஜா அக்கா. “வர்ணம் அவரோடது, துணி சபையோடது. நூல் என்னோடது. துணியை எடுத்துட்டுப் போ, நூலை விட்டுட்டுப் போ.”

தம்பி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார். செல்பேசி வாசலில் மறுபடி ஒலித்தது. “எடுப்பா, மிருகமா இருக்கப்போகுது” என்று நாத்தனார் உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

அந்த வாரம் பட்டறையில் எக்காளம் ஒரு தண்டை அளவுக்கு மேல் கடைந்து பாழாக்கினார். பக்கத்து இயந்திரக்காரர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பார்க்காததுபோல இருப்பதுதான் அங்கே மரியாதை. பாழான தண்டை அவர் பழைய இரும்புக் குவியலில் போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் காலை, “நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன். பார்க்கத்தான். சம்மதம்னு அர்த்தம் இல்ல” என்றார்.

“பார்க்கிறதுக்கு யாரு சம்மதம் கேட்டா?” என்றாள் அவள். ஆனால் அன்று அவர் சட்டையை அவளே தேய்த்தாள்.

டாக்டர் நடுவயதுப் பெண். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரிப் பெட்டியை எடுத்துத் திறந்தார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, வழவழப்பான உலோகக் கூடு. அதிலிருந்து நூலைப்போல ஒரு கம்பி. கம்பியின் நுனியில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற நான்கு வளையங்கள். எப்படி வைப்போம், என்ன ஆபத்து, எது நூற்றில் எத்தனை பேருக்கு என்று அவர் பொறுமையாக விளக்கினார். எக்காளம் கேட்டாரா என்பது சந்தேகம். கூட்டைக் கையில் எடுத்திருந்தார்.

கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே அதைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தை விளிம்பு நெடுகிலும் ஓட்டினார். பட்டறையில் ஒரு பாகத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் அவர் செய்கிற கடைசிச் சோதனை அது.

“இதை யாரும்மா செஞ்சது?”

“எந்தக் கம்பெனின்னு கேக்கிறீங்களா?”

“கம்பெனி இல்ல. ஆளு.”

டாக்டர் சிரித்தார். “அது எனக்குத் தெரியாதே ஐயா.”

“பிசிறு இல்ல” என்றார் எக்காளம், தமக்கே சொல்லிக்கொள்வதுபோல. “ஒரு இடத்துலயும் இல்ல. இந்த வளையத்தைப் பாரு, முடி கனம்கூட இல்ல. இதுக்கும் ஓரம் தேய்ச்சிருக்கான். உள்ள போய் மறைஞ்சிடப்போற சாமான். எவனும் பார்க்கப்போறதில்ல. தெரிஞ்சும் தேய்ச்சிருக்கான்.”

“உங்களை மாதிரி எவனோ ஒருத்தன்” என்றாள் மனைவி.

அவர் கூட்டைப் பெட்டியில் வைத்தார். பிறகு கேட்ட கேள்வியில்தான் அவர் வாசித்த வேதம் முழுவதும் இருந்தது.

“இது யாரு சொன்னா கேக்கும்?”

“புரியலையே ஐயா.”

“இதை வெச்சுக்கிட்டா இவ யாருக்காவது அடங்கி நடக்கணுமா? யாரோ ஒருத்தன் எங்கேயோ உக்காந்துக்கிட்டு, இவளை இதைச் செய், அதைச் செய்யாதேன்னு சொல்ல முடியுமா? அதுதான் எனக்குத் தெரியணும். மத்ததெல்லாம் எனக்குப் பயம் இல்ல.”

டாக்டர் சிரிக்கவில்லை. கைக்கு அடக்கமான ஒரு கருவியை எடுத்து, அவரைத் தாண்டி, காஜா அக்காவின் முன்னால் வைத்தார். “இது அவங்ககிட்ட இருக்கும். போடுறதும் நிறுத்துறதும் அவங்க இஷ்டம். அளவை மாத்தணும்னா எங்ககிட்ட வரணும். ஆனா வரலாமா வேண்டாமாங்கிறது அவங்க முடிவுதான்.”

திரும்பும் பேருந்தில் ஜன்னல் வழியாகப் புழுதிக்காற்று அடித்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது, ஆனால் பெய்யவில்லை.

“சபையில என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல” என்றார் எக்காளம்.

“தெரியலன்னு பேசுங்க. கேக்கிறவங்களுக்குப் புதுசா இருக்கும்.”

அறுவைச் சிகிச்சை நடந்த நாளில் அவளை முழுக்க மயங்கவிடவில்லை. கம்பி சரியான இடத்தைத் தொட்டுவிட்டதா என்று கைதான் சொல்லவேண்டும். அதற்கு ஆள் விழித்திருக்க வேண்டும். காகிதத்தில் சுருளாக ஒரு கோடு போடச் சொன்னார்கள். கம்பி இறங்குவதற்கு முன்னால் போட்ட சுருள், பூனை கலைத்த நூல்கண்டுபோல இருந்தது. இறங்கிய பிறகு போட்டது கடிகாரத்தின் உள்ளே இருக்கும் வில்லைப்போல ஒழுங்காகச் சுற்றி நின்றது. அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்களாம்.

“தட்டுறது இருக்கட்டும். ஒரு ஊசியும் நூலும் குடுங்க” என்று கேட்டிருக்கிறாள்.

கிருமி பயம், தரமுடியாது என்றார்கள். அப்படியானால் இன்னொரு தாள் வேண்டும் என்றாள். அதில் ஒரு காஜா வரைந்தாள்: நடுவில் கீறல், இருபுறமும் நெருங்கி நெருங்கி, ஒரே உயரத்தில் சின்னச் சின்னக் கோடுகள், முனையில் கட்டு. நர்ஸ் அந்தத் தாளை வெளியே கொண்டுவந்து எக்காளத்திடம் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

“என்னண்ணே, நல்லா வந்திருக்கா?” என்றாள் நாத்தனார்.

அவர் தாளின்மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். “பிசிறு இல்ல” என்றார். எக்காளம் அழுது யாரும் பார்த்ததில்லை. நாத்தனாரும் பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

காயம் ஆறி, கருவியை முழுமையாக இயக்கிவைத்து, அவள் சபைக்கு வந்த ஞாயிறு அன்றுதான் மழை இறங்கியது. வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். தொடர்ந்து வருகிறவர்களோடு, சண்டை வரும் என்று எதிர்பார்த்து வந்தவர்களும் இருந்தார்கள். நாங்களும் ஜன்னலோரம் நின்றோம். செல்கடைத் தம்பி தம் தாயாருடன் முன்வரிசையில் இருந்தார். காலடியில் ஒரு பெரிய கோணிப்பை, துணியைச் சுருட்டிக் கொண்டுபோக.

காஜா அக்கா உள்ளறையிலிருந்து வந்தாள். முன்தலையில் மழித்த முடி வெல்வெட்டுப்போல முளைத்திருந்தது. நெற்றியின் மேல் விளிம்பில் சிவந்த தழும்பு. ஜெபத்துக்குப் பெண்கள் முக்காடு போடுவது அங்கே வழக்கம். அவளும் போட்டிருந்தாள், ஆனால் தழும்புக்குப் பின்னால் அதை நிறுத்தியிருந்தாள்.

எக்காளம் எழுந்தார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் குரலுக்கு அது ஒரு பொருட்டல்ல. இருந்தும் கொஞ்சம் தணிவதற்காகக் காத்திருந்தார்.

“இந்த முத்திரை எதுன்னு எனக்குத் தெரியும்னு உங்ககிட்ட சொன்னேன். ஒரு தடவை இல்ல. ஒவ்வொரு தடவையும் நிச்சயமாச் சொன்னேன். அப்புறம் அதுமேலயே இன்னொண்ணை வெச்சுத் தைக்கச் சொன்னேன்.” அவர் தம்பியின் தாயாரைப் பார்த்தார். “அம்மா, உங்க வேலை என் வாயால போச்சு. கர்த்தர் வருவார்ங்கிறது சத்தியம். அதுல எனக்கு ஒரு இம்மியும் சந்தேகம் இல்ல. ஆனா எது முத்திரைன்னு எனக்குத் தெரியல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி கத்தினேன். தைச்சவ ஒரு கேள்வி கேட்டதில்ல...”

“கேட்டேன்” என்றாள் காஜா அக்கா. “உங்க சத்தத்துல உங்களுக்குக் கேக்கல.”

கூடம் சிரித்தது. தம்பியின் தாயாரும் சிரித்தார். காஜா அக்கா பெரிய துணியின் வலது மூலைக்குப் போய், தரையில் உட்கார்ந்தாள்.

“தம்பி, நீ இதைச் சுருட்டுறதுக்கு முன்னால ஒரு வேலை பாக்கி இருக்கு. இந்தத் தையல் கோணல். இதோட இந்தத் துணி என் வீட்டை விட்டுப் போனா எனக்கு அவமானம். பிரிச்சுடுறேன்.”

தையல் பிரிக்கும் சிறு கத்தியை எடுத்தாள். எல்லாருடைய கண்ணும் அவள் வலது கையில் இருந்தது. கத்தி நுனி நூலுக்கும் துணிக்கும் இடையில் நுழைந்தது. துணியில் ஒரு கீறலும் விழவில்லை. சிப்பு வைத்த தலை லேசாகக் கழன்று மடியில் விழுந்தது. அடியில் கைரேகைப் பெட்டி தெரிந்தது.

“இது நல்லாத் தைச்சது. லேசுல வராது” என்று தலையைத் தூக்காமல் சொன்னாள். பொறுமையாகப் பிரித்தாள். அடுத்து கணினி வந்தது. அதை விற்றுப் பழுதுபார்த்துப் பிழைக்கிற ஒருவர் பின்வரிசையில் நெளிந்தார். அடுத்து அட்டை.

“இது இப்ப நம்ம எல்லார் பையிலயும் இருக்கு” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“உன் பையில எத்தனை?” என்றது இன்னொரு குரல்.

கடைசியாகக் கறுப்புக் கோடுகள். சோப்பு உறையில் பார்த்துப் பார்த்து யாரும் இப்போது கவனிக்கக்கூட மறந்துவிட்ட கோடுகள். அந்தத் துண்டின் தையல் கண்ணுக்கே தெரியவில்லை. விரலால் தடவித் தடவி நூலைக் கண்டுபிடித்தாள். அது கழன்று விழுந்ததும் அவள் நகர்ந்து உட்கார்ந்து வழிவிட்டாள்.

மற்ற இடங்களில் வெயிலும் புகையும் பட்டுப் பெரிய துணி மங்கிவிட்டிருந்தது. அந்த மூலையில் மட்டும் வண்ணம் நேற்று பூசியதுபோல இருந்தது. வெள்ளை உடுத்த ஒரு கூட்டம் அண்ணாந்து நின்றது. ஒவ்வொருவர் நெற்றியிலும் பொன் பொட்டாக ஏதோ மின்னியது.

“யாருண்ணே இவங்க? நெத்தியில என்ன?” என்றாள் நாத்தனார்.

எக்காளம் அருகில் வந்து குனிந்தார். தாம் வரைந்ததைத் தாமே முதல் முறையாகப் பார்க்கிறவர்போல நின்றார்.

“ஆட்டுக்குட்டியான கர்த்தரோட நிக்கிறவங்க” என்றார். “அவங்க நெத்தியில பிதாவோட பேரு எழுதியிருக்கும். அதே புத்தகம்தான். முத்திரையைப் பத்திச் சொன்னதுக்கு அடுத்த அதிகாரம். நான்தான் வரைஞ்சேன். நான்தான் மூடச் சொன்னேன்.” மனைவியின் பக்கம் திரும்பினார். “உனக்கு ஞாபகம் இருந்துச்சா?”

“முதல் துண்டைத் தைக்கும்போது, இவங்க ஒருத்தர் நெத்தியிலயும் ஊசி படாமத்தான் தைச்சேன்” என்றாள். “பாருங்க.”

பார்த்தார்கள். துண்டுகள் இருந்த இடத்தைச் சுற்றிலும் ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. கூட்டத்தின் ஓரத்துக்கு வந்ததும் அந்த வரிசை ஒவ்வொரு தலையையும் சுற்றி வளைந்து வளைந்து போயிருந்தது. நெற்றிகளில் துளை இல்லை. தம்பியின் தாயார் எழுந்து வந்து, காஜா அக்காவின் முன்தலையில், தழும்புக்குப் பக்கத்தில், கை வைத்தார்.

மழை விட்டு வெளிச்சம் வந்தது. செல்கடைத் தம்பி கோணிப்பையை மடித்து நாற்காலிக்கு அடியில் தள்ளினார். கொஞ்சம் தயங்கிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“அக்கா, அதுக்குச் சார்ஜ் போடணுமா?”

“வாரத்துக்கு ஒரு தடவை. உன் போனுக்கு முன்னால என்னது தீராது.”

“அப்ப... நாளைக்கே புதுசா வேற ஏதாவது வந்துட்டா? இங்க இடம் இல்லையே. எங்க தைக்கிறது?”

அவள் ஊசியை எடுத்தாள். மெழுகுவத்தியும் இல்லை, மணிக்கட்டில் பயறுப் பையும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அவரைப் பார்த்தபடியே நூலை நீட்டினாள். ஒரே முறையில் கோத்துக்கொண்டது.

“முதல்ல என்கிட்ட கொண்டுவா” என்றாள். “தைக்கிறதா வேண்டாமான்னு நான் சொல்றேன்.”

பிறகு, துண்டுகளோடு சேர்ந்து பிரிந்துபோன பெரிய துணியின் கீழ் ஓரத்தை மடித்து, அந்தக் கூட்டத்தின் காலடியிலிருந்து தைக்கத் தொடங்கினாள். எக்காளம் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோரையும் வேதத்தில் அந்த அடுத்த அதிகாரத்தைத் திருப்பச் சொன்னார்.